கந்தையும் வரலாறும்: வங்காளக் கந்தாக்கள் பற்றிய ஓர் ஆய்வு

வரலாற்று மாணவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையும் ஏட்டுச் சுவடியையும் தம் மூலங்களாகக் கொள்வது வழக்கம். இவை பெரும்பாலும் ஆள்வோரும் அவரைச் சார்ந்தோரும் விட்டுச் சென்றவை. எழுதும் வாய்ப்பற்றோர், அவருள்ளும் சிறப்பாக உழவர் குடும்பத்துப் பெண்கள், தம் காலத்தில் எதைக் கண்டனர், எதைக் கருதினர் என்பதை அறிய இம்மூலங்கள் அதிகம் துணைசெய்வதில்லை. அத்தகையோர் சிலவிடங்களில் எழுத்தாணிக்குப் பதிலாக ஊசியைக் கையாண்டுள்ளனர். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்து வங்காளப் பெண்கள் ஆக்கிய 'கந்தா' எனும் தையல் விரிப்புகள் இதற்குச் சிறந்த சான்றாகும். உறவினர்க்கெனத் தைக்கப்பட்ட இப்பொருள் சந்தைப் பண்டமாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தில் தைத்தவளின் நிலை யாதாயிற்று என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தா எனும் சொல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அவ்வடசொல்லே தமிழிற் 'கந்தை' என வழங்குவதாகத் தமிழ்ப் பேரகராதி காட்டும். ஒரே மூலத்தினின்று பிறந்த இரு சொற்களும் வெவ்வேறு திசைகளிற் சென்றுள்ளமை கவனிக்கத்தக்கது. தமிழிற் கந்தை என்பது பெரும்பாலும் கிழிந்த துணியையும் அதனை உடுத்தோரின் வறுமையையும் சுட்டி நின்றுவிட்டது. வங்காளத்திலோ அக்கிழிந்த துணியினின்று ஆக்கப்படும் புதிய பொருளுக்கே அது பெயராயிற்று.

பழந்துணியைத் தைத்து அணிதல் துறவு நெறியோடு நெருங்கிய தொடர்புடையது. பௌத்த பிக்குகளின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் பின்பற்றி ஆனந்த தேரர் அதனை வகுத்தார் என விநய பிடகம் கூறும். கிருஷ்ணதாச கவிராசர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதத்திலும் இத்தகைய குறிப்பொன்று உண்டு. வங்க சுல்தானின் அமைச்சராயிருந்து துறவு மேற்கொண்ட சனாதனர், தாம் போர்த்தியிருந்த விலையுயர்ந்த கம்பளத்தைக் கங்கைக் கரையிற் கந்தாவொன்றை உலர்த்திக் கொண்டிருந்த ஒருவருக்குக் கொடுத்து, அக்கந்தாவை மாற்றாகப் பெற்றுக் கொண்டாராம். கந்தா ஏழையின் உடைமையாக அக்காலத்திற் கருதப்பட்டமை இதனாற் புலனாகும்.

கந்தா ஆக்கப்படும் முறை எளியது. ஆயின் மிகுந்த பொறுமையை வேண்டுவது. பலகாலம் உடுத்துத் துவைத்து மென்மையடைந்த பருத்திச் சேலைகள் நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்படும். சுருக்கமின்றி இழுத்துப் பிடிப்பதற்கு ஒருத்தியின் இரு கைகள் போதா. எனவே இவ்வேலைக்கு அயற்பெண்களும் கூடுவர். ஓரங்களை மடித்துத் தைத்தபின், அடுக்குகள் நழுவாதிருக்க நீளவாக்கிற் பெருந்தையல் இடப்படும். அதன் பின்னரே ஊசி துணியின் மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்லும் ஓட்டுத் தையல் தொடங்கும். உருவங்களின் புறவரை முதலிலும், உட்பகுதி அடுத்தும், எஞ்சிய வெளி இறுதியிலும் நிரப்பப்படும். வெள்ளைத் துணியின்மேல் வெள்ளை நூல் உருவங்களைச் சூழ்ந்து வரிவரியாக ஓடுவதால், காற்றில் அசையும் நீர்ப்பரப்புப் போன்ற நுண்ணிய மேடுபள்ளங்கள் துணியில் தோன்றும். கந்தாவின் தனியழகு இதுவே. நிற நூலும் முன்னாளிற் கடையில் வாங்கப்பட்டதன்று. பழஞ்சேலைகளின் சிவப்பு, நீல, கறுப்புக் கரைகளிலிருந்து இழையிழையாக உருவப்பட்டது. துணியும் நூலும் வீட்டிலேயே கிடைத்தமையால் இக்கலைக்கு மூலதனம் வேண்டியிருக்கவில்லை.

பயன்பாட்டிற்கேற்பக் கந்தாக்கள் பல பெயர் பெற்றன. மாரிகாலத்திற் போர்த்தும் தடித்த கந்தா 'லேப்' எனப்பட்டது. விருந்தினருக்கும் விழாக்களுக்கும் விரிப்பது 'சுஜனி' ஆகும். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பது 'ஆர்சிலதா'. உறைபோல மடித்துப் பணப்பையாகக் கொள்வது 'துர்ஜனி'. வட்டாரத்திற்கேற்ப நடையும் வேறுபட்டது. யசோர், குல்னா, பரீத்பூர் ஆகிய மாவட்டங்களில் நடுவே தாமரையும் நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவமோ அமைந்து, இடைவெளியில் மனித, விலங்கு உருவங்கள் செறிந்த கந்தாக்கள் சிறப்புற்றிருந்தன. ராஜ்சாகி வட்டாரத்தில் உருவங்களின்றி அலையலையாகச் செல்லும் 'லஹரி' கந்தா வளர்ந்தது. இந்து இல்லங்களிலும் முஸ்லிம் இல்லங்களிலும் ஒருங்கே பயின்ற கலை இது. தாய் மகளுக்குக் கற்பித்தாள். மணமாகிச் சென்ற மகள் தன் ஊரின் தையலைப் புக்ககத்திற்குக் கொண்டு சென்றாள். வீட்டுவேலை முடிந்த பிற்பகல்களில் இடப்பட்ட தையல் ஒரு கந்தாவுக்கு மாதங்களையும், சிலவேளை ஆண்டுகளையும் எடுத்தது.

வங்காளத் தையல் விரிப்புகள் முற்காலத்தில் வணிகத்தோடு தொடர்பற்றிருந்தன எனக் கூறுதல் பொருந்தாது. பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளிற் சாத்காவ், ஊக்ளி ஆகிய துறைமுகங்களினூடாகப் போர்த்துக்கேயர் பெருவிரிப்புகளை ஏற்றுமதி செய்தனர். பருத்தித் துணியில் மஞ்சள்நிறக் காட்டுப் பட்டினால் தைக்கப்பட்ட இவற்றில் வேட்டைக் காட்சிகளும் விவிலியக் கதைகளும் போர்த்துக்கேய மரபுச் சின்னங்களும் இடம்பெற்றன. ஆயின் இவை அயலவரின் கட்டளைக்கிணங்கப் புதுத்துணியில் ஆக்கப்பட்டவை. வீட்டுக் கந்தாவோ விற்பதற்கன்றிக் கொடுப்பதற்கே தைக்கப்பட்டது. பிறக்கும் குழந்தைக்கும், மணமாகும் மகளுக்கும், பயணம் செல்லும் கணவனுக்கும் உரியதாயிருந்தமையால் அதற்கு விலையென ஒன்று இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கந்தாக்கள் வரலாற்று மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவன. தேரும் பல்லக்கும் படகும் இருந்த இடத்தில் துப்பாக்கி ஏந்திய வீரரும், தொப்பியணிந்த ஐரோப்பியரும், சீட்டுக்கட்டு உருவங்களும் புகுந்தன. குடியேற்ற ஆட்சியை வீட்டினுள் இருந்த பெண்கள் எவ்வாறு கண்டனர் என்பதற்கு இவை நேர்ச்சான்று. குல்னா மாவட்டத்து மானதாசுந்தரி என்பார் தைத்த கந்தா இவ்வகையிற் புகழ்பெற்றது. அதனைத் தம் தந்தையாருக்காகத் தம் கையாலேயே தைத்தமையை அவர் அத்துணியிலேயே எழுத்துக்களாகத் தைத்து வைத்தார். கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்திலுள்ள இக்கந்தா ஒரு விதிவிலக்காகும். ஏனைய பெரும்பாலானவற்றைத் தைத்தோர் யாரென்பது பதிவாகவில்லை.

நூற்றாண்டின் இறுதியளவில் ஆலைத் துணியின் பெருக்கமும் நகர வாழ்வின் மாற்றமும் நடுத்தர வகுப்பாரிடையே இக்கலையை நலிவுறச் செய்தன. கலை நலியத் தொடங்கிய வேளையிலேயே அறிஞர் அதனைப் போற்றத் தொடங்கினர். ஆட்சித்துறை அலுவலராயிருந்த குருசதய் தத்தர் (1882-1941) கிராமங்களிலிருந்து கந்தாக்களைத் திரட்டினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இற் கந்தா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவரது சேகரிப்பு இன்று பிலடெல்பியா கலைக்கூடத்தில் உள்ளது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி கந்தார் மாட்' எனும் காவியத்தின் தலைவி, தன் துயர்க்கதை முழுவதையும் கந்தாவிலே தைத்து, அதனைத் தன் புதைகுழியின்மேல் விரிக்குமாறு வேண்டி இறக்கிறாள். 'நக்சி கந்தா' எனும் பெயர் பரவலாயிற்று என்றால் அதற்கு இக்காவியமே முதற்காரணம். தேசிய உணர்ச்சி வளர்ந்த அக்காலத்திற் கந்தா வங்காளப் பண்பாட்டின் சின்னமாயிற்று. எனினும் திரட்டியோர், எழுதியோர், பாடியோர் ஆகியோரின் பெயர்கள் நிலைத்தன. தைத்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1947இற் பிரிவினை வங்காளத்தை இரு கூறாக்கியது. 1971இல் வங்காளதேசம் போரினூடாகப் பிறந்தபோது, கணவரை இழந்தோரும் வன்முறைக்குள்ளானோருமாகப் பெருந்தொகைப் பெண்கள் வாழ வழியின்றி நின்றனர். அவர்களிடம் எஞ்சியிருந்த கைத்திறன் ஊசித்தொழில். 1974இல் 'காரிகா' எனும் கைப்பணி அமைப்பும், 1978இல் 'ஆரோங்' எனும் விற்பனை நிறுவனமும் தோன்றின. ஜமால்பூர், யசோர் வட்டாரங்கள் கந்தா உற்பத்தி மையங்களாயின. ஓவியர் சுரையா ரகுமான் 1982 முதல் வறிய பெண்களைக் கொண்டு சுவரில் தொங்கவிடும் பெருங்கந்தாக்களை ஆக்கினார்.

இக்கட்டத்தில் உற்பத்தி முறையே மாறிற்று. பழந்துணியின் இடத்தைப் புதுத்துணியும், உருவிய இழையின் இடத்தைக் கடை நூலும் பெற்றன. தைப்பவள் தன் மனத்திலிருந்து உருவங்களை இடுதல் குறைந்தது. வேறொருவர் வரைந்த கோலம் தாளில் ஊசித்துளைகளாகக் குத்தப்பட்டு, மண்ணெண்ணெயிற் கரைத்த வண்ணத்தால் துணியிற் பதிக்கப்படுகின்றது. அக்கோட்டின்மேல் அவள் தைக்கின்றாள். வரைபவர் ஒருவர், தைப்பவர் பலர், விற்பவர் இன்னொருவர் எனப் பிரிவுகள் ஏற்பட்டன. கூலி தைத்த அளவுக்கேற்ப வழங்கப்படுகின்றது.

இம்மாற்றத்தை வீழ்ச்சியென வெறுமனே புலம்புவது அறிவுடைமையாகாது. விலையற்ற பொருளாகக் கந்தா இருந்த காலத்தில், அதற்குச் செலவான பெண்ணின் உழைப்பும் விலையற்றதாகவே எண்ணப்பட்டது. தன் தையலாற் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்க்குப் பழங்கந்தாவின் தூய்மை பற்றி நாம் போதிக்க வேண்டியதில்லை. ஆயின் துணியில் எதைச் சொல்வது எனத் தீர்மானிக்கும் உரிமை அவள் கையை விட்டு நீங்கியதும் உண்மையே. ஊதியம் பெற்றவள் கூற்றை இழந்தாள் எனலாம்.

இன்று இப்பொருளின் பெயர் சட்டத்தினாற் காக்கப்படுகின்றது. 2008இல் இந்தியா மேற்கு வங்காளத்து நக்சி கந்தாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. வங்காளதேசமும் பின்னர் ஜமால்பூர் நக்சி கந்தாவுக்கு அவ்வாறே வழங்கிற்று. இவை ஊரின் பெயரைக் காப்பன. ஆக்கியவளின் பெயரைக் காப்பனவல்ல. நியாஸ் சமான் 1981இல் வெளியிட்ட நூலும், பிகா கோஷ் 2020இல் வெளியிட்ட நூலும் தைத்த பெண்களை ஆய்வின் நடுவே நிறுத்த முயன்றமை வரவேற்கத்தக்கது.

முடிவாக, கந்தாவை அழகுப் பொருளாக மட்டும் காண்பது அதனைப் பாதியளவே காண்பதாகும். அது எழுதாதோரின் ஆவணம். எந்த ஆவணத்தையும் போலவே அதனையும் யார், யாருக்காக, எந்நிலையில் ஆக்கினார் என வினவியே படித்தல் வேண்டும். மானதாசுந்தரி தம் கந்தாவிலேயே அவ்வினாக்களுக்கு விடை தைத்து வைத்தார். பெயரின்றிக் கிடக்கும் ஏனைய கந்தாக்களுக்கு அவ்விடையைத் தேடும் கடமை வரலாற்றாளரைச் சார்ந்தது.