மரபணுவைத் தேடிய கணக்கு

"அப்பாவுக்கு இனிப்பு நீர், அதனால் பிள்ளைக்கும் வரும்" என்பது வீடுதோறும் கேட்கும் பேச்சு. அதில் உண்மை உண்டு. ஆனால், அந்த நோயைக் கொண்டு வருவது எந்த மரபணு? இக்கேள்விக்கு விடை காண அறிவியலாளர்கள் பெரிதும் நம்பியது புள்ளியியலைத்தான். அந்தக் கணக்கு சில நேரம் ஏமாற்றவும் செய்தது.

தொடக்கத்தில் குடும்பங்களே ஆய்வுக்களம். குரோமோசோமில் அருகருகே உள்ள பகுதிகள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகின்றன. நோயும் ஓர் அடையாளப் பகுதியும் தலைமுறைதோறும் சேர்ந்தே வந்தால், நோய்க்குரிய மரபணு அதன் பக்கத்தில் இருக்கலாம். அது தற்செயலா என்று சோதிக்க 1955இல் நியூட்டன் மார்ட்டன் 'லாட்' என்ற மதிப்பெண் முறையை வகுத்தார். மதிப்பெண் 3 வந்தால்தான் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். அதாவது, கிடைத்த சான்று தற்செயலைக் காட்டிலும் உண்மையான தொடர்புக்கு 1,000 மடங்கு சாதகமாக இருக்க வேண்டும்.

இம்முறை பெரும் வெற்றி கண்டது. நரம்பைத் தாக்கும் ஹண்டிங்டன் நோயின் மரபணு 4ஆம் குரோமோசோமில் இருப்பது 1983இல் தெரிந்தது. வெனிசுவேலாவின் மராக்காய்போ ஏரிக்கரையில் வாழ்ந்த பெரிய குடும்பம் அதற்கு உதவியது. பத்தாண்டு கழித்து, 1993இல் மரபணுவே கைக்குக் கிடைத்தது.

ஆனால் ஹண்டிங்டன் ஒரே மரபணுவால் வரும் நோய். நீரிழிவும் இருதய நோயும் அப்படியல்ல. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களிக்க, உணவும் வாழ்க்கை முறையும் சேர்ந்து கொள்கின்றன. இங்கே குடும்ப ஆய்வு தடுமாறியது. எனவே நோயாளிகளையும் நலமாக இருப்போரையும் ஒப்பிட்டு, எந்த மரபணு வகை யாரிடம் அதிகம் என்று எண்ணத் தொடங்கினர்.

அதில் ஒரு பொறி இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் பிமா பழங்குடி மக்களிடையே நடந்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஒரு மரபு அடையாளம் உள்ளவர்களில் 8 விழுக்காட்டினருக்கே நீரிழிவு. இல்லாதவர்களில் 29 விழுக்காடு. அப்படியானால் அந்த அடையாளம் நோயைத் தடுக்கிறதா? இல்லை. அது ஐரோப்பியக் கலப்பைக் காட்டும் அடையாளம். ஐரோப்பிய வம்சாவளி மிகுந்தோருக்கு நீரிழிவு குறைவு, அவ்வளவுதான். முழுப் பழங்குடி வம்சாவளியினரை மட்டும் பார்த்தபோது வேறுபாடு ஏறக்குறைய மறைந்து விட்டது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. இருபதில் ஒரு பங்கு தற்செயலை அனுமதித்து 10 லட்சம் இடங்களைச் சோதித்தால், 50,000 இடங்கள் பொய்யாகவே கைகாட்டும். 1996இல் நீல் ரிஷ், கேத்லீன் மெரிகாங்கஸ் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். தற்செயல் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே நம்ப வேண்டும். அப்போதும் இந்த ஒப்பீட்டு முறை குடும்ப ஆய்வை விடச் சிறிய விளைவுகளைக் கண்டுபிடிக்கும் என்று காட்டினர்.

அதற்கான கருவிகள் பின்னரே வந்தன. பிரிட்டனில் 2007இல் ஏழு நோய்களுக்குத் தலா சுமார் 2,000 நோயாளிகளும், பொதுவாக 3,000 பேரும் ஒப்பிடப்பட்டனர். 24 தொடர்புகள் தெரிய வந்தன. ஆனால் இரத்தக் கொதிப்புக்கு உறுதியான ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பிமா மக்கள் தந்த பாடம் நமது வட்டாரத்துக்கும் பொருந்தும். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரின் மரபு வேறுபாடுகளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 268 பேரிடம் பதிவு செய்து 2009இல் வெளியிட்டனர். ஐரோப்பியரிடம் கண்ட கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதால் இத்தகைய பதிவுகள் அவசியம்.

நீரிழிவோடு வலுவாகத் தொடர்புடையதாக 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்ட மரபணு வகைகூட, ஒரு பிரதி இருந்தால் ஆபத்தைச் சுமார் 1.4 மடங்காகவே உயர்த்துகிறது. அது எச்சரிக்கை, தலையெழுத்து அல்ல. 'உங்கள் மரபணு இந்த நோயைத் தரும்' என்று யாரேனும் சோதனை விற்க வந்தால் மூன்று கேள்விகள் போதும். எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எந்த மக்களிடம்? வேறொரு குழுவிலும் அதே முடிவு வந்ததா?