பாத்திரக் கூற்றும் மனவோட்டமும்

பாத்திரக் கூற்றும் மனவோட்டமும் என்பவை, நாடகத்திலும் கதையிலும் பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசுவதும் மனத்துக்குள் நினைப்பதும் பார்வையாளரையும் வாசகரையும் எட்டும் முறைகள். தமிழில் இவற்றின் தொடக்கத்தைக் காதல் வாழ்வைப் பாடும் அகத்திணையில் காணலாம். அகப்பாடல்கள் தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலியோரின் கூற்றாக அமைபவை. புலவர் தம் குரலில் குறுக்கிடுவதில்லை. எவர் எச்சூழலில் பேசுவர் என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் விரிவாக வகுக்கிறது. வெளியே சொல்ல முடியாத எண்ணத்துக்கும் அங்கே கேட்பவர் உண்டு: பாத்திரம் தன் நெஞ்சையே விளித்துப் பேசும். திருக்குறளின் 125ஆம் அதிகாரமான ‘நெஞ்சொடு கிளத்தல்’ இவ்வகையது. எண்ணத்தை உரையாடலாக்கிய இந்த ஏற்பாடு தமிழ்க் கவிதையின் அரிய சாதனை.

மேடையில் பாத்திரம் பார்வையாளரை எட்டும் வழிகள் வேறு. தெருக்கூத்தில் கோமாளியான கட்டியக்காரன் கேட்க, வேடம் தான் யாரென்று சொல்லும். பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ (1891) நாடகமோ, பாத்திரம் தனியே தனக்குள் பேசும் தனிமொழியைக் கையாள்கிறது. அமைச்சன் குடிலன் மன்னன் ஜீவகன் எதிரில் பணிவாகப் பேசுகிறான். தனித்திருக்கையில் தன் சூழ்ச்சியை விரிக்கிறான். மன்னன் அறியாததைப் பார்வையாளர் அறிந்துவிடுவதால், அடுத்து வரும் பணிவுரை ஒவ்வொன்றும் அச்சம் தருகிறது.

நாவலில் சிக்கல் வேறு. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக விலகி நிற்பவை. பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ உரையாடலில் பேச்சுத் தமிழைத் தாராளமாக அனுமதித்தது. ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்கு வழக்கைக் கொண்டுவந்தது. கதைசொல்லிக்கு எழுத்துநடை, பாத்திரத்துக்குப் பேச்சுநடை என்ற பங்கீடு நிலைபெற்றது. அப்படியானால் நினைப்புக்கு எந்த நடை?

“அவள் வரமாட்டாள் என்று முருகன் நினைத்தான்” என்றால் கதைசொல்லி இடையில் நிற்கிறார். “முருகன் வாசலைப் பார்த்தான். அவள் வரமாட்டாள். இனி எதற்கு வருவாள்?” என்றால் நடை கதைசொல்லியுடையது, ஏக்கம் முருகனுடையது, இரு குரலும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. “அவ வரமாட்டா. இனி எதுக்கு வரணும்?” என்றால் முருகன் மட்டுமே எஞ்சுகிறான். மூன்றில் நடுவிலுள்ளதே கடினமானது. ‘நினைத்தான்’ என்ற சொல் இல்லாமலே அது யார் எண்ணம் என்பது வாசகருக்குப் புலப்பட வேண்டும்.

கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான இந்த எல்லைகளைக் கடந்தவர்களும் உண்டு. லா. ச. ராமாமிருதம் ‘அபிதா’வில் தன்மைக் கூற்றையே எடுத்துக்கொண்டு, நடப்பும் நினைவும் ஒன்றையொன்று ஊடுருவ எழுதினார். கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராம’த்தில் (1976) கதைசொல்லியின் நடையையே கரிசல் பேச்சுக்கு அருகில் கொண்டுவந்தார்.