பச்சைப் பொத்தான் - ஒரு கொசுவத்தி

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கணினியை வைத்து, சோபாவில் சாய்ந்தபடி ரிமோட்டிலேயே படம், பாட்டு, சீரியல் எல்லாம் ஓட்ட வேண்டும். அதுக்கு எந்த விண்டோஸ் போடுறது? ஒரு காலத்தில் பொட்டி தட்டுற கூட்டம் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் இதை வைத்தே பட்டிமன்றம் நடக்கும். ஹோம் பேசிக்கா, ஹோம் பிரீமியமா, அல்டிமேட்டா என்று ராமின் அளவில் ஆரம்பித்து கிராஃபிக்ஸ் கார்டு வரைக்கும் அலசுவார்கள். அந்தப் பதிப்புகளுக்கு நடுவே கோடு போட்டது காப்புரிமைத் தொகையும், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதும்தான் என்பது என் கட்சி. கொஞ்சம் பழசைக் கிளறுகிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

கதை 2002 அக்டோபரில் தொடங்குகிறது. 'ஃப்ரீஸ்டைல்' என்று செல்லப்பெயர் வைத்து வளர்த்த பிள்ளையை 'விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷன்' என்று மைக்ரோசாஃப்ட் வெளியே விட்டது. கடையில் தனியாகக் கிடைக்காது, புதுக் கணினியோடு சேர்த்துத்தான் வாங்கணும். அமெரிக்கா, கனடா, தென்கொரியா, அவ்வளவுதான் கடை விரித்த இடம். கூடவே ஒரு ரிமோட், அதன் நடுவில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அமுக்கினால் பத்தடி தள்ளி உட்கார்ந்தும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் டிவி, படம், பாட்டு என்று திரை விரியும். உள்ளே இருந்தது நம்ம எக்ஸ்பி புரொஃபஷனலேதான், மேலே புதுச் சட்டை.

2003 செப்டம்பரில் வந்த 2004 பதிப்பில் ஐரோப்பா, ஜப்பான், சீனா என்று கடை விரிந்தது. 2004 அக்டோபரில் வந்தது 2005 பதிப்பு. (காருக்கு வைக்கிற மாதிரி வருஷம் வைத்தார்கள்.) இதில் ஒரு வேடிக்கை. அடியில் இருப்பது புரொஃபஷனல் என்பதால், முந்தைய பதிப்புகளை ஆபீஸ் நெட்வொர்க்கின் டொமைனில் சேர்க்க முடிந்தது. 2005ல் அந்த வசதியை வெட்டிவிட்டார்கள். ஹாலுக்கு வாங்கினவன் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிடக் கூடாதாம்!

2007 ஜனவரி 30ல் விஸ்டா. மீடியா சென்டர் தனிப் பதிப்பாக இல்லாமல் ஹோம் பிரீமியத்திலும் அல்டிமேட்டிலும் உள்ளேயே வந்தது. ஹோம் பேசிக்கிலும் பிசினஸிலும் கிடையாது. இதில் பிசினஸ் பதிப்பு ஹோம் பிரீமியத்தைவிட விலை கூடியது, ஆனால் டிவிடி போட்டால் படம் ஓடாது, வெளியிலிருந்து ஒரு டிகோடர் போடணும். அதிகக் காசு கொடுத்தவனுக்குப் படம் கிடையாது என்பது எந்த ஊர் நியாயம்?

நியாயம் இருந்த இடம் எம்பெக்-2. டிவிடி, அந்தக் கால டிஜிட்டல் டிவி, மீடியா சென்டர் செய்கிற பதிவு எல்லாமே இந்த முறையில் சுருக்கப்பட்ட வீடியோதான். அதன் காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தன. எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி வசூல் செய்தது. டிகோடர் உள்ள ஒவ்வொரு பிரதிக்கும் 2002ல் இருந்து இரண்டரை டாலர், 2010ல் இருந்து இரண்டு டாலர். டால்பி ஒலிக்குத் தனிக் கப்பம். கோடிக்கணக்கில் விண்டோஸ் விற்கிறவனுக்கு இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். யார் படம் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள் என்று ஆளைப் பிரித்துக் கோடு போட்டால் அத்தனையும் மிச்சம்.

2009 அக்டோபர் 22ல் விண்டோஸ் 7 வந்தபோது கோடு கொஞ்சம் நகர்ந்தது. ஹோம் பிரீமியத்திலும் அதற்கு மேலே உள்ள எல்லாப் பதிப்புகளிலும் மீடியா சென்டர் உண்டு. ஸ்டார்ட்டரிலும் ஹோம் பேசிக்கிலும் இல்லை. இந்த ஹோம் பேசிக் அமெரிக்கக் கடைகளில் கிடையாது. 'வளரும் சந்தைகள்' என்று பெயர் சூட்டி இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகளுக்காகவே செய்த பதிப்பு. அந்தந்தப் பகுதிக்குள்தான் ஆக்டிவேட் செய்ய முடியும் என்று எல்லை வேறு கட்டியிருந்தார்கள். விலை குறைவு என்பது உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நம்ம ஊர்க்காரன் ஹாலில் உட்கார்ந்து என்ன செய்வான் என்பதை வேறு யாரோ முடிவு செய்து அனுப்பியது மாதிரிதான் எனக்குப் பட்டது.

எனக்கு இது வெறும் அட்டவணைச் சண்டையாக இருக்கவில்லை. 2010ல் வீட்டுக்காரம்மா பிரசவத்துக்காக அம்மா கும்பகோணத்திலிருந்து புனே வந்து ஏழு மாசம் இருந்தார்கள். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. எங்கள் கேபிள்காரர் சன் டிவி கொடுத்தார், பாவம் பார்த்துப் பொதிகையும் கொடுத்தார். சீரியல் வருகிற நேரத்துக்குத்தான் பேரன் சரியாக அழுவான். பதிவு செய்து வைத்தால் மதியம் பார்க்கலாமே என்று கணினி வாங்கப் போனால், கடை கடையாக ஹோம் பேசிக் போட்ட பொட்டிகள்தான். ஒரு கடைக்காரர், "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்றார். அவர் வைத்திருந்ததே அது ஒன்றுதான். பிறகு மேம்படுத்தும் சாவி தனியாக வாங்கி ஹோம் பிரீமியமாக மாற்றி, மும்பை லேமிங்டன் ரோட்டில் அலைந்து, சிக்னலைத் தானே எம்பெக்-2வாக மாற்றும் சிப் உள்ள டிவி கார்டு ஒன்று பிடித்தேன். மலிவாகக் கிடைத்த கார்டுகளில் அந்தச் சிப் இல்லை, மீடியா சென்டர் அவற்றைச் சீந்தாது.

நிகழ்ச்சி அட்டவணை எங்கள் கேபிள்காரரின் வரிசைக்குப் பொருந்தவில்லை. சேனல் நம்பரும் நேரமும் கையால் கொடுத்துத்தான் பதிவு. "ஏண்டா, நேத்து நாடகம் இதுக்குள்ளயா இருக்கு?" என்று முதல் நாள் கேட்ட அம்மா, இரண்டே வாரத்தில் தானே பதிவு போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவின் தவில் பொதிகையில் வந்தது. ஆள் ஆபீசில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்க, அம்மாதான் ரிமோட்டை எடுத்துப் பதிவு செய்து வைத்தார்கள். 27 நிமிஷம், முதல் சில நொடி போச்சு. சித்தப்பா 2016ல் போய்விட்டார். அவர் வாசிப்பு வீடியோவில் எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அனலாக் கேபிள் என்பதால் அந்தக் கோப்பில் பூட்டு எதுவும் விழவில்லை. அமெரிக்காவில் எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2008 மே மாதம் என்பிசி சேனலின் 'அமெரிக்கன் கிளாடியேட்டர்ஸ்' நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் போனவர்களை விஸ்டா மீடியா சென்டர் தடுத்துவிட்டது. ஒளிபரப்பில் வந்த 'நகலெடுக்காதே' குறியீட்டை அது மதித்ததாம். காசு கொடுத்து வாங்கியவனைவிட சேனல்காரன் சொல்லுக்குத்தான் மரியாதை. எந்தப் பதிப்பு போட்டிருந்தாலும் கதை இதேதான்.

நம்ம பக்கம் முடிவு வேறு வழியாக வந்தது. கேபிள் டிஜிட்டல்மயமாக்கலின் இரண்டாம் கட்டத்தில் இருந்த 38 நகரங்களில் புனேவும் ஒன்று. கெடு 2013 மார்ச் 31. அனலாக் போய் செட்டாப் பாக்ஸ் வந்தது. சேனல்கள் எல்லாம் பூட்டப்பட்டு, திறவுகோல் பாக்ஸுக்குள்ளேயே இருந்தது. அமெரிக்காவில் கேபிள்கார்டு என்று ஒரு அட்டையைக் கணினியின் ட்யூனரில் செருகி அந்தப் பூட்டைத் திறக்க வழி இருந்தது. நமக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. லேமிங்டன் ரோட்டில் தேடிப் பிடித்த கார்டு, ஒரே மாசத்தில் அலமாரிக்குப் போனது.

அதே சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டும் கையைக் கழுவிக்கொண்டிருந்தது. 2011ல் அவர்களே சொன்ன கணக்கு: அந்த ஜூலை மாதம் உலகம் முழுக்க விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேர்தான் மீடியா சென்டரைத் திறந்தார்கள், அதிலும் கால்வாசிப் பேர்தான் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தார்கள். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8ல் மீடியா சென்டரும் டிவிடியும் வெளியே. ப்ரோ வைத்திருந்தால் 2013 ஜனவரி வரை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு 9.99 டாலர். 2015ல் விண்டோஸ் 10ல் அதுவும் கிடையாது. கோடு போட வைத்த அந்த எம்பெக்-2 காப்புரிமைகள் அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் காலாவதியாகின. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்த மொய்!

மீடியா சென்டர் பிறந்த அதே 2002ல், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியை உடைத்து அதில் வீடியோ ஓட்டச் சில பிள்ளைகள் எழுதிய மென்பொருளிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்பிஎம்சி. 2014ல் கோடி என்று பெயர் மாறியது. அதில் பேசிக்கும் இல்லை, பிரீமியமும் இல்லை. அதை ஓட்டப் பலரும் வாங்கிய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில்கூட 2012ல் எம்பெக்-2வுக்கு 2.40 பவுண்ட் கொடுத்துத் தனிச் சாவி வாங்க வேண்டியிருந்தது. கப்பம் கப்பம்தான். ஆனால் எதுக்குக் கொடுக்கிறோம் என்பது ரசீதிலேயே தெரிந்தது.

2020 ஜனவரி 14ல் விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்றபோது அந்தப் பழைய பொட்டியை ஒருமுறை கிளப்பி, சித்தப்பாவின் கோப்பை வெளியே எடுத்தேன். மீடியா சென்டரின் டபிள்யூடிவி வடிவம். விஎல்சியில் போட்டுப் பார்த்தேன், ஓடியது. எம்பி4 ஆக மாற்றி ஒரு பென் டிரைவில் போட்டுச் சித்திக்கு அனுப்பினேன். டிவிக்குப் பின்னாலேயே செருகிப் பார்த்துவிட்டு போன் பண்ணினாங்க. "ஆரம்பம் கொஞ்சம் காணுமேப்பா" என்றாங்க.