திரையில் தெரியும் தோட்டம்: கொழும்பின் போதை எதிர்ப்புப் பிரசாரத்தில் வர்க்கமும் இனமும்

2023 டிசம்பர் 17ஆம் திகதி ஆரம்பமான ‘யுக்திய’ என்னும் போதை ஒழிப்புச் சுற்றிவளைப்பைப் பொலிஸ் நடவடிக்கையாக மட்டும் பார்த்தால் அதன் பாதிதான் புலப்படும். அது ஒரு பிரசாரமும்கூட. மோப்ப நாயுடன் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நுழையும் பொலிஸார், கட்டிலுக்கடியிலிருந்து இழுக்கப்படும் பெட்டி, அலுமாரியிலிருந்து கொட்டப்படும் உடுப்பு, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்: தொலைக்காட்சியில் தினமும் வந்த இக்காட்சிகளுக்கு இணையான வீச்சு எந்தச் சுவரொட்டிக்கும் கிடையாது.

இக்காட்சிகள் யாரை நோக்கிப் பேசின என்பதே என் கேள்வி. ‘தோட்டம்’ எனப்படும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்பில் வாழ்பவரை நோக்கியல்ல. அவர் காட்டப்படும் பொருள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்து பார்ப்பவரே இலக்கு. பூட்டிய கதவும் காவலாளியும் உள்ள வீட்டில் ‘ஐஸ்’ போதைப்பொருள் புழங்கினாலும் அது படமாவது அரிது. ஏழையின் வீட்டுக்குள் கமரா இலகுவாக நுழைகிறது. அதனால் போதை என்றாலே தோட்டம் என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேல் கைதானதைச் சுட்டிய ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள், நடவடிக்கையை இடைநிறுத்தி மீளாய்வு செய்யும்படி 2024 ஜனவரியில் கோரினர். பிரதானமாகக் குறிவைக்கப்பட்டோர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்பதும் அவர்களது கண்டனத்தில் இருந்தது.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் சுவரோடு சுவராக வாழும் கொட்டாஞ்சேனையில் முதற் பிளவு வர்க்கம்தான். ஆனாலும் தமிழர் நினைவில் சுற்றிவளைப்புக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று இரு பகுதிகளும் ஒன்றாகச் சந்தேகிக்கப்பட்டன. இன்று வெள்ளவத்தை பார்வையாளர் வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கிறது. இந்த இடமாற்றத்தை எங்கள் நடுத்தர வர்க்கம் ஆறுதலாக ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

போதை எதிர்ப்பில் ஒரு தரப்பை மட்டும் குறிவைக்கும் இதே கோளாறு அமெரிக்காவிலும் இருந்தது. அங்கு அது விளம்பரத்துக்குள்ளேயே விவாதமாகியது. 1997இல் ஹெரோயினுக்கு எதிரான விளம்பரமொன்றில் வாணலியால் முட்டையை நொறுக்கி, பின் சமையலறையையே அடித்துடைத்த நடிகை ரேச்சல் லீ குக், 2017இல் வேறோர் அமைப்பின் விளம்பரத்தில் மீண்டும் தோன்றினார். இம்முறை அவர் முன் இருந்தவை ஒரு வெள்ளை முட்டையும் ஒரு பழுப்பு முட்டையும். ஒரே குற்றத்துக்கு இரு நிறத்தாருக்கு இருவேறு கதி நேர்வதை அவற்றைக் கொண்டே விளக்கினார். இலங்கையில் இத்தகைய மறுவிளம்பரத்துக்கான தேவை அதைவிடக் குறைந்ததல்ல.

பிரசாரத்தை நெறிப்படுத்துவது அரசுக்குப் புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்தது. விற்பவரின் படத்துக்கு வரம்பிட்ட அரசு, பிடிப்பவரின் படத்துக்கும் வரம்பிடலாம். சோதனைக்குள்ளாகும் வீட்டாரின் முகங்கள் மறைக்கப்பட வேண்டும். 1984இல் நிறுவப்பட்ட அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆலோசனை இலக்கம், சுற்றிவளைப்புக் காட்சி ஓடும்போதே தமிழிலும் சிங்களத்திலும் திரையில் தெரிய வேண்டும். அப்போதுதான் தோட்டத்துத் தாயையும் பிரசாரம் பார்வையாளராக மதித்துப் பேசும்.