முகக்கவசமும் ஈப்போ டாக்டரும்: யார் இந்த வூ லியென் தே?

கோவிட் காலத்தில் முகக்கவசம் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். கொள்ளைநோய்க்கு எதிராக அதை ஊரையே மாட்டிக்கொள்ள வைத்த முன்னோடி மருத்துவர், கடைசிக் காலத்தில் நம்ம ஈப்போவில்தான் கிளினிக் நடத்தினார். புரூஸ்டர் ரோடு, 12ஆம் எண். இன்றைக்கு அது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா.

பெயர் டாக்டர் வூ லியென் தே. 1879இல் பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். உபகாரச் சம்பளம் கிடைத்து 1896இல் கேம்பிரிட்ஜ் போனார். படித்துவிட்டு 1903இல் ஊர் திரும்பினால், காலனித்துவ மருத்துவச் சேவையின் மேல்பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டும்தான். கேம்பிரிட்ஜ் பட்டமும் செல்லுபடியாகவில்லை.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஏறக்குறைய ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார்.

பெரிபெரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

இது வூவின் கண்டுபிடிப்பு இல்லை. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் காலத்தில் பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. தமிழர்களிடம் மட்டும் அபூர்வம். ஏன்? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் கவனித்தது நம் சாப்பாட்டுத் தட்டை. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை!

வூ பிறகு பினாங்கில் அபினை எதிர்த்துப் போராடினார். அரசுக்கு அபின் வருமானம் முக்கியம். அவருடைய கிளினிக்கில் இருந்த கொஞ்சம் அபின் மருந்தைக் காட்டியே வழக்குப் போட்டு, அபராதமும் விதித்தார்கள். அதோடு சீனாவுக்குக் கிளம்பிவிட்டார்.

ஹார்பினில் என்ன நடந்தது?

1910 டிசம்பர். மஞ்சூரியாவில் பிளேக். எலி, தெள்ளுப்பூச்சிதான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். இறந்துபோன ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலைப் பரிசோதித்த வூ, இது நுரையீரல் பிளேக், மூச்சுக்காற்று வழியாக ஆளுக்கு ஆள் தாவுகிறது என்றார். பருத்தியும் மெல்லிய துணியும் அடுக்கிய கவசத்தை மாட்டச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர், இந்த இளைஞர் சொல்லி நான் கேட்பதா என்று கவசமில்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதற்கப்புறம் கவசத்தைக் கேலி செய்ய ஆளில்லை.

நிலம் பனியில் உறைந்திருந்ததால் புதைக்க வழியில்லை. பேரரசின் அனுமதி வாங்கி, 2,000க்கும் மேற்பட்ட சடலங்களை எரித்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நோய், 1911 வசந்தத்துக்குள் அடங்கியது.

நோய் அடங்கியதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1915இல் சீன மருத்துவச் சங்கம் உருவாவதில் பங்கெடுத்தார். 1926இல் ஹார்பினில் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். தனி ஒருவர் தடுத்தால் போதாது, தடுக்கத் தெரிந்த டாக்டர்கள் ஊர் ஊராக வேண்டுமே! 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

ஈப்போவுக்கு எப்படி வந்தார்?

1937இல் ஜப்பான் சீனாமீது படையெடுத்தது. வூ மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராக உட்கார்ந்தார். ஜப்பானிய ஆட்சியில், 1943இல், எதிர்ப்புப் போராளிகள் அவரைப் பிடித்துப் பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பணம் கொடுத்ததே குற்றம் என்று ஜப்பானியர் பாயப் பார்த்தார்கள். ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அவர் வைத்தியம் செய்திருந்ததுதான் காப்பாற்றியது.

ஏழைகளுக்கு இலவசமாகப் பார்ப்பவர் என்று ஈப்போவில் பெயர் வாங்கினார். 80 வயதுவரை தொழிலை விடவில்லை. நிதி திரட்டி, பேராக் நூலகத்தைத் தொடங்கவும் உழைத்தார். இன்றைய துன் ரசாக் நூலகத்தின் முன்னோடி அது. 1959இல் சுயசரிதை வெளிவந்தது. 1960 ஜனவரி 21இல் பினாங்கில் காலமானார்.