50 லட்சம் பேருக்கு வேலை இல்லை... ஜெர்மனியின் 'ஹார்ட்ஸ்' சட்டங்கள் என்ன செய்தன?

2005-ன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாமல் பதிவு செய்திருந்தவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். 2019-ல் அது சுமார் 23 லட்சம். இந்தச் சரிவுக்கு 'ஹார்ட்ஸ்' சட்டங்கள்தான் காரணமா?

யார் இந்த ஹார்ட்ஸ்?

ஃபோக்ஸ்வேகன் கார் நிறுவனத்தில் பணியாளர் நிர்வாகத்தைக் கவனித்தவர் பீட்டர் ஹார்ட்ஸ். 2002-ல் அவர் தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை, அப்போதைய சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் அரசு 2003 முதல் 2005 வரை நான்கு கட்டங்களாக அமல்படுத்தியது.

என்ன மாறியது?

* மினி ஜாப்: மாதம் 400 யூரோ வரையிலான பகுதி நேர வேலைக்கு, தொழிலாளியிடம் அப்போது காப்பீட்டுப் பிடித்தம் செய்யப்படவில்லை.

* ஹார்ட்ஸ் 4: நீண்ட நாள் வேலை கிடைக்காதவர்களுக்கு முன்பு பழைய சம்பளத்தைக் கணக்கிட்டு உதவித்தொகை வந்தது. 2005 முதல் எல்லோருக்கும் ஒரே அளவு. மேற்கு ஜெர்மனியில் தனி ஆளுக்கு மாதம் 345 யூரோ, வாடகை தனி.

* தரும் வேலையை மறுத்தால் அந்தத் தொகையும் வெட்டு.

சரி, வேலை கிடைச்சதா?

கிடைத்தது. 2005-ல் 11.7 சதவீதமாக இருந்த வேலையின்மை, 2019-ல் 5 சதவீதமானது. ஆனால் முழுப் பெருமையும் இந்தச் சட்டங்களுக்கா என்பதில் பொருளாதார நிபுணர்கள் ஒத்துப்போகவில்லை. 'ஹார்ட்ஸ் 4-ல் விழுந்துவிடுவோமோ' என்ற பயத்தில் பலர் கிடைத்த வேலையில் சேர்ந்தார்கள் என்கிறது ஒரு தரப்பு. 1990-களிலிருந்தே தொழிற்சங்கங்கள் சம்பள விஷயத்தில் விட்டுக்கொடுத்ததும், அதனால் ஏற்றுமதி பெருகியதும்தான் முக்கியக் காரணம் என்கிறது இன்னொரு தரப்பு.

வேலை இருக்கு, சம்பளம் பத்தலை!

குறைந்த கூலி வேலைகள் பெரிய பிரச்னையாகின. வேலை பார்த்துக்கொண்டே ஹார்ட்ஸ் 4 தொகையையும் வாங்கினால்தான் மாதம் ஓடும் என்ற நிலையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். தெருவில் போராட்டங்கள் வெடித்தன. 2005 தேர்தலுக்குப் பின் ஷ்ரோடர் பதவி இழந்தார்.

இப்போது என்ன நிலை?

ஓட்டைகளை அடைக்கும் வேலை பின்னர் நடந்தது. 2015-ல் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி வந்தது: மணிக்கு 8.50 யூரோ. வேலையை மறுத்தவர்களின் உதவித்தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது செல்லாது என 2019-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் ஹார்ட்ஸ் 4-க்குப் பதிலாக 'பியூர்கர்கெல்ட்' என்ற புதிய உதவித்திட்டம் வந்தது.

மினி ஜாப் மட்டும் அதன் பின்னும் தொடர்ந்தது. வேலை இல்லாதவர்கள் எண்ணிக்கை குறைந்ததா என்பதோடு, வேலைக்குப் போனவர் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிந்ததா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சட்டங்களின் கணக்கு முழுமையாகும்.