விறகு பிளந்த கதை



"கேஸ்ல ஓடுற விறகு பிளக்குற மிஷின் பார்த்துக்கிட்டு இருக்கேன்"னு சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டு டீக்கடையில சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. "கேஸ் இருந்தா அடுப்பைப் பத்த வச்சிட்டுப் போவியா, அதை வச்சு விறகைப் பிளப்பியா?"ன்னார் ஒரு மாமா. அவர் கேட்டதுல தப்பில்லை. அமெரிக்காக்காரங்க பெட்ரோலைத்தான் கேஸ்னு சொல்றாங்க. இணையத்துல படம் பார்த்துப் பார்த்து அந்தச் சொல் என் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. மிஷின் ஓடுறது பெட்ரோல் இன்ஜின்ல.

ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. நூறு வருஷமா எல்லா ஊர்லயும் விறகு எரிச்சிருக்கோம், பிளக்க மட்டும் ஏன் நம்ம பக்கம் ஒரு மிஷின் வரலை? நெல் அறைக்க வந்தது, கரும்பு பிழிய வந்தது, தண்ணி இறைக்க வந்தது. விறகுக்குக் கோடாலிதான் கடைசிவரைக்கும்.

அதுக்கு முதல் காரணம் சவுக்கு. 1860களில் சென்னை மாகாணத்துல ரயில் பரவினபோது இன்ஜினுக்கு விறகுதான் எரிபொருள். நிலக்கரி கப்பல்ல வரணும், விலை கட்டுப்படியாகாது. சுத்துவட்டக் காடுகளை வெட்டித் தள்ளினாங்க, அது போதலைன்னதும் கடற்கரை மணல்ல சவுக்கு நட்டாங்க. வேற எதுவும் சரியா வராத மணல்ல வளர்ந்தது, வேகமா வளர்ந்தது, எரிச்சா நல்ல சூடு. ரயில் பிறகு நிலக்கரிக்கு மாறிடுச்சு, சவுக்கு மட்டும் நம்ம கடலூர் கரையை விட்டுப் போகவே இல்லை. மூணு நாலு வருஷத்துல வெட்டினா கழி கைத்தடி மொத்தத்துலேர்ந்து தொடை மொத்தம் வரைக்கும் இருக்கும். பாதிக்கு மேல பிளக்கவே வேண்டாம், துண்டு போட்டு அப்படியே அடுப்புல வைக்கலாம். சன்னக் கழியே விறகா வந்த ஊருக்குப் பிளக்குற மிஷின் எதுக்கு?

பிளக்க வேண்டியது எல்லாம் வேற ரகம்: புளி, கருவேலம், வேம்பு, பூவரசு, காய்ப்பு நின்ன முந்திரி, அப்புறம் சவுக்கு வெட்டின கொல்லையில தோண்டி எடுக்குற தூர். இதுக்குன்னு ஆள் இருந்தாங்க. என் சின்ன வயசுல எங்க ஊர்ல மூணு பேர். தோள்ல கோடாலி, கையில ரெண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி. வெட்டுற கோடாலி மெலிசா இருக்கும். பிளக்குற கோடாலி கன்னம் புடைச்சு இருக்கும், வெட்டுறதுக்கு இல்லை, நாரை விலக்குறதுக்கு. கட்டையை நிறுத்தி வச்சு முதல்ல சுத்தி வந்து பார்ப்பாங்க. காஞ்ச முகத்துல ஓடியிருக்கிற வெடிப்புதான் வழி காட்டும். பெரிய கட்டைன்னா நடுவுல அடிக்க மாட்டாங்க, ஓரத்துலேர்ந்து பத்தையா உரிச்சுக்கிட்டே உள்ளே போவாங்க. கணு இருக்கிற பக்கம் கீழே போகும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்துல நின்னா சிராய் தெறிக்கும்னு எங்களை விரட்டித்தான் விடுவாங்க.

கூலி நாள் கணக்கு இல்லை, எடைக் கணக்கு. விறகுத் தொட்டியில தராசு இருக்கும். பிளந்து அடுக்கினதை நிறுத்துத்தான் காசு. அதனால ஈரக்கட்டை வந்தா பிளக்குறவருக்குக் கொண்டாட்டம்: எடையும் கூடும், சுலபமாவும் பிளக்கும். வாங்கிட்டுப் போறவனுக்குத்தான் கஷ்டம். வீட்ல பொம்பளைங்க அந்த ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணு செவந்து கிடப்பாங்க. முந்திரி விறகுன்னா கேட்கவே வேண்டாம், அதோட புகை தனி ரகம்.

ரெண்டாவது காரணம் பக்கத்துலயே இருந்தது. நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினபோது கறுப்பா ஒண்ணு வந்ததும், பிறகு அது பழுப்பு நிலக்கரின்னு தெரிஞ்சதும் இந்தப் பக்கத்துல எல்லாரும் அறிஞ்ச கதை. 1956-ல நிறுவனம் வந்தது, 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார், 1961-ல கரி வெளியே வந்தது. மின்சாரம் மட்டும்னு நினைக்காதீங்க. அந்தக் கரியைப் பொடியாக்கி, அச்சுல அழுத்தி, சுட்டு, 'லெக்கோ'ன்னு புகையில்லாத அடுப்புக்கரியாவும் வித்தாங்க. திட்டம் போட்டவங்க கணக்குல லெக்கோ வந்தா விறகு ஒழியும், காடு பிழைக்கும். பட்டணத்து ஓட்டலும் நடுத்தர வீடும் வாங்கிச்சு. எங்க தெருவுல அது ஓடலை. தோப்புல சுள்ளி சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்துக் கரி வாங்க யார் இருக்கா?

பிறகு மண்ணெண்ணெய், அப்புறம் சிலிண்டர். நம்ம மாநிலத்துல பெரிய மாத்தம் 2006 தேர்தலுக்கு அப்புறம் வந்த இலவச கேஸ் அடுப்பு. 2016-ல மத்திய அரசின் உஜ்வலா வந்து மீதி வீட்டையும் சேர்த்துக்கிச்சு. தொட்டி ஒவ்வொண்ணா மூடினாங்க. ஆனா விறகு ஒழிஞ்சிடலை. காபிக்கும் குழம்புக்கும் கேஸ். வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும், கல்யாணப் பிரியாணிக்கும், கோயில் பொங்கலுக்கும் விறகு. சிலிண்டர் விலை ஏறுற மாசம் பின்வாசல் அடுப்பு தானா புகைய ஆரம்பிக்கும்.

இதுக்கிடையில ஒழிஞ்சது விறகு பிளக்குற ஆள். நூறு நாள் வேலை வந்ததுலேர்ந்துதான் ஆள் கிடைக்கலைன்னு நம்ம விவசாயிங்க ஒரு பாட்டுப் பாடுவாங்க. 2006 பிப்ரவரியில நாட்டுல முதல்ல தொடங்கின 200 மாவட்டத்துல கடலூரும் ஒண்ணுங்கறதால இங்கே அந்தப் பாட்டு கொஞ்சம் சத்தமாவே கேட்கும். எனக்கு அதுல ஒப்புதல் இல்லை. கோடாலி வேலை நாப்பது வயசுல இடுப்பை வாங்கிடும். மூணு பேர்ல ரெண்டு பேர் கடைசி வரைக்கும் நிமிர்ந்து நடக்கலை. அவங்க பசங்க திருப்பூர், சென்னைன்னு போனதுல என்ன தப்பு?

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டி பலா, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து முந்திரி எல்லாம் ஒரே காலையில படுத்துக்கிச்சு. ஐம்பது வருஷத்து மரம் வேரோட மல்லாந்து கிடந்ததைப் பார்த்தவங்களுக்கு மறக்காது. மரத்துக்குச் சொந்தக்காரன் அழறான், லாரிக்காரன் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். அறுக்க ரம்பம் கிடைச்சது, பிளக்க ஆளே கிடைக்கலை. பிளந்து காயவச்சு நாலு மாசம் கழிச்சு வித்திருந்தா கொஞ்சமாவது தேறியிருக்கும். கட்டையாவே ஏத்தி விட்டாங்க. அதுலயும் போகாதது அப்படியே கிடந்து கறையான் தின்னது. வாரக்கணக்குல கரண்ட் இல்லாத காலம் அது. கரண்ட்டுல ஓடுற மிஷின் யார்கிட்டயாவது இருந்திருந்தாலும் துருப்பிடிச்சுத்தான் கிடந்திருக்கும்.

அடுத்தது 2015 நவம்பர் வெள்ளம். அந்த மழையில எங்க தெருவுல ஒரு பாட்டி தவறிட்டாங்க. வரட்டி நனைஞ்சு போச்சு. கொட்டகையில இருந்தது ரெண்டு முழுப் புளியங்கட்டை, பிளக்க ஆள் இல்லை. இளவட்டப் பசங்க நாலு பேர் மாத்தி மாத்தி அடிச்சும் கோடாலி உள்ளே சிக்கிக்கிச்சே தவிர கட்டை பிளக்கலை. கடைசியில மாட்டுக்கொட்டாய் சட்டத்தைப் பிரிச்சு எடுத்துட்டுப் போய்த்தான் காரியம் முடிச்சாங்க. கேஸ் அடுப்பு வந்த ஊர்ல விறகு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு நான் வேற பதில் வச்சிருக்கலை.

இனி மிஷின் கதை. அதோட அடிப்படை பழசு. அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல அழுத்தினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவுல போகும்னு பாஸ்கல் சொன்னது 17-ஆம் நூற்றாண்டு. அதை வச்சு பிராமாங்கற ஆங்கிலேயர் 1795-ல நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஜேசிபி கையும் டிராக்டர் டிப்பரும் அதோட பிள்ளைங்கதான். விறகு பிளக்க அது வீடு வீடாப் போனது 1973-க்கு அப்புறம். அரபு நாடுங்க எண்ணெயை நிறுத்தினதும் அமெரிக்காவுல வீட்டைச் சூடாக்க எண்ணெய் விலை தாங்காம ஜனங்க விறகடுப்புக்குத் திரும்பினாங்க. குளிர்காலம் முழுக்க எரிக்க மலை மாதிரி விறகு வேணும். அங்கே ஓக், மேப்பிள்னு நெட்டுக்குத்தா நார் ஓடுற மரம். ஆப்பு உள்ளே போனா வாழைத்தண்டு மாதிரி ரெண்டாகும். அந்த மரத்துக்கு அளவெடுத்துச் செஞ்ச மிஷின் இது. நம்ம புளியிலயும் வேலிகாத்தான்லயும் நார் முறுக்கிக்கிட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடும். அதனாலதான் அவங்க விளம்பரத்தை அப்படியே நம்பக்கூடாது.

முக்கியமா டன் கணக்கு. '25 டன்'னு பெயின்ட்ல எழுதியிருப்பாங்க. நீங்க கேட்க வேண்டியது பிஸ்டன் எத்தனை அங்குலம், அழுத்தம் எவ்வளவுன்னு ரெண்டே கேள்வி. 4 அங்குல பிஸ்டன்னா பரப்பு சுமார் பன்னிரண்டரை சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் கொடுத்தா 37,500 பவுண்டு, அதாவது 17 டன். அதுக்கு மேல எழுதியிருந்தா அது பெயின்ட்டோட பலம். நிஜமாவே 25 டன் வேணும்னா 5 அங்குல பிஸ்டன் வேணும்.

அடுத்தது பம்ப். ரெண்டு நிலை பம்ப்னு கேட்டு வாங்கணும். கட்டையைத் தொடுற வரைக்கும் எண்ணெயை நிறையத் தள்ளி வேகமா ஓடும். கட்டை எதிர்த்ததும் அளவைக் குறைச்சு அழுத்தத்தைக் கூட்டும். மாட்டுவண்டி மேட்டுல ஏறும்போது மெதுவாப் போகுதே, அந்த மாதிரி. இது இருந்தா ஆறரை குதிரைசக்தி இன்ஜினே போதும். நிமிஷத்துக்கு 41 லிட்டர் தள்ளுற பம்ப்னா 24 அங்குலத்தை ஏழு எட்டு விநாடியில கடந்திடும். சாதாரண பம்ப் போட்டு லேத் பட்டறையில செஞ்ச ஒண்ணைப் பார்த்தேன். பலம் இருந்தது, ஒரு கட்டைக்கு ஒரு பீடி குடிச்சு முடிச்சிடலாம்.

திருகு ஆணி மாதிரி கூம்பு சுத்துற மிஷினும் வருது. மோட்டார்லயோ டிராக்டர் பின்பக்க ஷாஃப்ட்லயோ மாட்டலாம், விலை பாதிகூட இல்லை. நான் வேண்டாம்னுட்டேன். லுங்கியும் துண்டும் புடவையும் கட்டுற ஊர்ல நிக்காம சுத்துற கூம்புக்குப் பக்கத்துல ஆளை நிறுத்த எனக்கு மனசு வரலை. டிராக்டர் ஹைட்ராலிக்ல இணைக்கிற வகை நல்லதுதான், ஆனா அதே 4 அங்குல பிஸ்டனுக்கு 12 டன் கிட்டதான் வரும். நடவு சமயத்துல விறகுக்குன்னு டிராக்டரை நிறுத்தவும் முடியாது. மோட்டார் போடலாம்னு சொன்ன தம்பிக்கு ஒண்ணு: நம்ம இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான், விறகுக்கு இழுத்தா அபராதம். மும்முனை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டும் உட்காரணும்.

அதனால பெட்ரோல் இன்ஜின், 4 அங்குல பிஸ்டன், ரெண்டு நிலை பம்ப், ரெண்டு டயர். மரம் விழுந்த இடத்துக்கே பைக்ல கட்டி இழுத்துட்டுப் போகலாம். லட்சத்தைத் தாண்டினதால நான், சித்தப்பா மகன், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற மாமா மூணு பேரும் சேர்ந்து போட்டோம். மணிக்கு ஒன்றரை லிட்டர் வரைக்கும் பெட்ரோல் குடிக்குது. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கிறதால ரெண்டு மாசம் சும்மா நிக்கப் போகுதுன்னா டேங்க்கை வடிச்சு விடணும், இல்லைன்னா கார்புரேட்டர் அடைச்சுக்கும். இன்னொரு விதி நாங்களே போட்டது: கட்டை வைக்கிறவர்தான் லீவரைத் தொடணும். ஒருத்தர் வைக்க இன்னொருத்தர் லீவரை இழுத்தா விரல் போயிடும்.

வேம்பும் முந்திரியும் வெண்ணெய். வேலிகாத்தான் பச்சையில பரவாயில்லை. 2017-ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்கு அப்புறம் வெட்டிக் குவிச்சு எட்டு வருஷமா வரப்போரம் கிடந்த பழைய கட்டைங்களைப் போட்டோம். இன்ஜின் முக்குச்சு, ஆனா விடலை. சவுக்குத் தூரை நிறுத்தி வைக்கத்தான் பாடு, கோணல் மாணலா உருளும். தென்னை, பனை ரெண்டையும் போடாதீங்க, நார் நசுங்கி ஆப்புல பந்து மாதிரி சுத்திக்கும்.

புளியங்கவட்டை மட்டும் மிஷினுக்கு அடங்கலை. ஆப்பு பாதி போய் நின்னுச்சு, இன்ஜின் அணைஞ்சிடும் போல இருந்தது. அந்த மூணு பேர்ல மிச்சம் இருக்கிற பெரியவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "திருப்பிப் போடுப்பா, கவட்டை மேல இருந்தா எப்படிப் போகும்?"னார். நாலு பேர் சேர்ந்து திருப்பி வச்சோம். வெடிப்பு இருக்கிற இடத்தைக் கைத்தடியால தொட்டுக் காட்டினார். அங்கே கொடுத்ததும் டப்புனு விட்டது. இப்போ விறகு வேலைன்னா அவருக்குச் சொல்லி அனுப்புறோம். நாற்காலி போட்டு உட்கார்ந்து எந்தப் பக்கம்னு சொல்வார். கூலி வாங்க மாட்டேங்கறார், பிளந்ததுல வைரம் பாய்ஞ்சதாப் பார்த்து நாலு பத்தை வீட்டுக்குக் கொடுத்து விடுறோம்.